வண்டலூர் என்று எழுதிய சீட்டு

ஒரு சீட்டில் பொய் எழுதினேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சீட்டு அது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. தேதி உண்மை. பூச்சியைப் பிடித்தவன் நான் என்பதும் உண்மை. இடம் மட்டும் பொய். பல்லாவரம் மலை என்று எழுதவேண்டியதை வண்டலூர் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் என் நண்பன் ஆறேழு ஆண்டுகள் தன் கண்களையே நம்பாமல் இருந்தான். எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அறுபதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். நண்பன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது; அவன் அதைக் கொஞ்சத்தில் தவறவிட்டான். அதனால் நான் கல்லூரியிலேயே தங்கிவிட்டேன், அவன் தன் ஊரான பம்மலில் பள்ளி வாத்தியார் ஆனான். தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவே அவன் வீடு. முதல் தடவை போனபோது நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க ஊர்ல பொறந்தவனுக்கு மூக்கு போயிடும் மச்சான். கண்ணு மட்டும்தான் மிச்சம். அதான் நான் பூச்சி பாக்கறேன்."

உண்மையிலேயே அவனுக்கு அப்படிப்பட்ட கண். நடந்துகொண்டே பேசுவான், பேசிக்கொண்டே குனிந்து, நான் காலடி வைக்க இருந்த இடத்திலிருந்து ஒரு வண்டை எடுத்து ஓரமாக விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு, என்னைப் பல்லாவரம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சைக்கிள்களை அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு ஏறினோம். மேலே ஒரு பெரிய பாறைக்கு அடியில் குகை. குகை என்றால் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடியது அல்ல. நாலைந்து பேர் உட்காரலாம், அவ்வளவுதான். உள்ளே போகப்போக இருட்டு. வெளியே வெயில். இரண்டுக்கும் நடுவில் வெயிலும் படாத, இருட்டும் எட்டாத ஒரு பட்டை. அங்கே பல ஆண்டுகளாக மழை பார்க்காத புழுதி, சலித்த மாவு போலக் கிடந்தது.

"உள்ள வராத. அங்கயே நில்லு" என்றான். "இதுங்க வாசல்லதான் கீதுங்க."

"எதுங்க?"

அவன் குப்புறப் படுத்து, புழுதியின் மேல் மெல்ல ஊதினான். புழுதி விலகியது. அடியில் இரண்டு வளைந்த கொடுக்குகள் விரிந்தபடி காத்திருந்தன. பிறகுதான் தட்டையான சின்ன உடல் தெரிந்தது. புழுதியின் நிறமே அதற்கும்.

குழியானை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பூச்சி. வீட்டுச் சுவரோரம் மணலில் புனல் மாதிரி குழி பறித்து, அடியில் ஒளிந்து, வழுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும். இது குழியே பறிக்காத குழியானை. புழுதிக்குள் சும்மா படுத்துக் கிடக்கும். எறும்பு தலைக்கு மேல் நடந்தால் ஒரு கவ்வு. வளர்ந்து சிறகு முளைத்ததும் தட்டான் மாதிரி ஆகி, பாறையிலிருந்து தொங்கும் வேர் நுனிகளில் தொற்றிக்கொள்ளும். குகை வாசலை விட்டு அதிக தூரம் போகாது. அன்றைக்கு அப்படி மூன்று தொங்கின. காற்று இல்லாமலே அந்த வேர்கள் மெல்ல ஆடின. பூச்சிகள்தான் தங்களை ஆட்டிக்கொள்கின்றன என்று கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"இருட்டும் வேணாம், வெயிலும் வேணாம் இதுங்களுக்கு" என்றான். "எங்க மாமனார் மாதிரிதான். வாசல்லயே ஒக்காந்துகினு போறவன் வர்றவனப் புடிக்கறது."

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று பாறைக்கு மேல் போனது. அதன் நிழல் குகை வாசலைத் தொட்டுக் கடந்தபோது புழுதி லேசாக நடுங்கியது. கிழக்கே பள்ளிக்கரணைத் தண்ணீர் தூரத்தில் ஒரு தகட்டுத் துண்டு போல மின்னியது. நாங்கள் இரண்டு பேரும் அந்த நடுப்பட்டையின் ஓரத்தில் மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்தோம். தூக்கமா விழிப்பா என்று சொல்லமுடியாத நேரம். இந்த வயதில் பல விஷயங்கள் மங்கிவிட்டன. அந்தப் பகல் மங்கவில்லை.

ஒவ்வொரு புழுவுக்கும் எதிரே, பாறையில், பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தான். ஞாயிறுதோறும் வந்து, ஊதிப் பார்த்து, இருக்கிறதா, வளர்ந்ததா, நகர்ந்ததா என்று நோட்டில் குறித்துக்கொள்வான். ஒன்றைக்கூட எடுக்கமாட்டான்.

"எடுத்தா கணக்கு போயிடும். ஒரு வருஷம் முழுசா பாத்துட்டு அப்பறம்தான் எழுதணும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"தொறக்கல."

அவனுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எங்கள் பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தான். பள்ளி வாத்தியாரைச் சேர்க்க அவருக்குத் தயக்கம். உன் பெயரில் அச்சான ஒரு குறிப்பு கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தக் குறிப்புதான் இந்தக் குகை. அவன் வாழ விரும்பிய வாழ்க்கை முழுவதும் அந்தப் புழுதிக்குள் கிடந்தது, எனக்கும் அது தெரியும்.

பேராசிரியருக்கு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் குழியானைகளை வகைப்படுத்தும் நிபுணர் ஒருவரோடு கடிதத் தொடர்பு உண்டு. எங்களிடம் எது கிடைத்தாலும் அனுப்பச் சொல்வார். நான் இரண்டு முறை அனுப்பியிருந்தேன். இரண்டு முறையும், மிகச் சாதாரணமானவை, நன்றி, என்று பதில் வந்தது. மூன்றாவது முறை அந்தப் பதிலை வாங்க எனக்கு மனமில்லை.

ஒரு புதன்கிழமை, அவன் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, நான் மட்டும் மலை ஏறினேன். மத்தியானம். குகை வாசலில் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனேன் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வேறு யாரோ செய்ததுபோல் நினைவில் இருக்கிறது. சாக்பீஸ் கோடுகள் வழி காட்டின. ஊதினேன், தூரிகையால் எடுத்தேன், குழாயில் போட்டேன். எட்டுப் புழுக்கள். வேரில் தொங்கிய சிறகுள்ளவை இரண்டு. கீழே வரும்போது சட்டைப் பையில் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிச் சின்னச் சத்தம் எழுப்பின.

ஆய்வுக்கூடத்தில் லேபிள் எழுத உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். பல்லாவரம் என்று எழுதினால், அச்சில் வரும்போது யார் குகை என்று நண்பனுக்குத் தெரிந்துவிடும். பேனா கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு வண்டலூர் என்று எழுதியது. தேதியைப் பழக்கத்தில் உள்ளபடியே எழுதிவிட்டேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. இந்தோலியான் என்ற பேரினம் அது, குகை வாசல்களிலும் பாறை நிழல்களிலும் வாழ்வது. சென்னைப் பக்கம் அது இருப்பது தமக்கு இதுவரை தெரியாது என்று நிபுணர் எழுதியிருந்தார். பிறகு ஒரு பத்திரிகையில் என் பெயரும் வண்டலூரும் சேர்ந்து சில வரிகள் வந்தன. பேராசிரியர் அதைத் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

நண்பன் கேள்விப்பட்டுச் சைக்கிளில் தாம்பரம் வரைக்கும் வந்தான். முகம் எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டலூர்லயும் கீதாமே மச்சான். எப்படிடா கண்டுபுடிச்ச?"

"தற்செயலாத்தான்."

"அப்ப இது மலைக்கு மலை இருக்கும்போல. என் வேலை பெருசாயிடுச்சு பாரு. வா, காட்டு."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவனோடு வண்டலூர்க் காட்டில் அலைந்தேன். இல்லாத குகையை அவன் தேடினான். தேடுவதுபோல் நான் நடந்தேன். முட்புதர், சரளை, காய்ந்த புல், எங்கேயோ ஒரு மயில். வெயிலில் எல்லாப் பாறையும் ஒன்றுபோல் தெரிந்தன. கனவில் ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றுவோமே, அப்படி.

"எந்தப் பாறைடா?"

"இங்கதான் எங்கயோ. நடுவுல மழை பேஞ்சுது. அடையாளம் தெரியல."

"உனக்கு என்னிக்கு வழி ஞாபகம் இருந்துச்சு? ஹாஸ்டல்லயே ரூம் மாறிப் போயி எவன் கட்டில்லயோ படுத்தவன் நீ."

சிரித்தோம். நானும் சிரித்தேன். நான்காவது வாரம் அவன் ஒரு பாறைக்கு அடியில் வெகுநேரம் படுத்து ஊதிவிட்டு எழுந்தான். புழுதி பட்டுக் கண் இரண்டும் சிவந்திருந்தன. "நான் தேடற விதம்தான் சரியில்ல போல" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் சட்டையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிவிட்டேன்.

ஆண்டு முடிந்து தன் குறிப்பை எழுதியதும் முதலில் என்னிடம்தான் காட்டினான். பதினெட்டுப் பக்கம், கையால் வரைந்த படங்கள். நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தான்.

"இங்க பாரு. இந்த வாரம் மட்டும் எட்டு காணோம். கீரி ஏதாவது வந்திருக்கும்னு போட்டுருக்கேன். சரிதானே?"

அவன் குறித்திருந்தது நான் மலை ஏறிய அதே வாரம். எட்டும் அதே எட்டு. என் லேபிளில் இருந்த தேதி அதற்குள் கச்சிதமாக விழுந்தது. அவன் பக்கத்தையும் என் சீட்டையும் யாராவது அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

"சரிதான்" என்றேன்.

அவன் அதை அதே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டான். பத்திரிகை கருத்துக் கேட்டு அதை நிபுணரிடம் கொடுத்தது. சில வாரங்களில் நிபுணரிடமிருந்து கடிதம் வந்தது, எனக்கு. பள்ளி ஆசிரியர் ஒருவர் பல்லாவரத்திலும் அவை இருப்பதாக எழுதியிருக்கிறார், மாதிரி எதுவும் அனுப்பவில்லை, நீங்கள் பக்கத்தில் இருப்பவர், சற்றுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். ஆறு வரியில் பதில் தட்டச்சு செய்தேன். அந்த மலைக்குப் போய்ப் பார்த்தேன். குழி பறிக்கும் சாதாரண இனம்தான் அங்கே உள்ளது. அந்த ஆறு வரிகளை எழுதும்போது எந்தத் தூக்கமும் எனக்கு இல்லை.

அவனுடைய பதினெட்டுப் பக்கமும் மரியாதையான ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தன. அதை எடுத்துக்கொண்டு அவன் நேரே என்னிடம் வந்தான். ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"நான் பாத்தது சாதாக் குழியானையாம். வித்தியாசம் தெரியாமப் பாத்துட்டேனாம். நீ கூடத்தானே வந்த. நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அது அதுதானே?"

நான் தட்டில் இருந்த ஊசிகளை வரிசையாக அடுக்கினேன். "நீ சொன்ன, நான் நம்பினேன். நிச்சயமா என்னால சொல்ல முடியலடா."

அவன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு புடிச்சு அனுப்பிப் பாக்கட்டுமா?"

"தப்பா இருந்துதுன்னா? இன்னொரு தபா அசிங்கப்படணுமா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பேராசிரியர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் மலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை. கிறிஸ்துமஸ் தோறும் அவன் வீட்டிலிருந்து எனக்குப் பலகாரம் வந்துகொண்டிருந்தது. அதைத் தின்றும் இருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் விரிவுரையாளர் ஆகியிருந்தேன். முதுகலை மாணவி ஒருத்தி, என் அச்சான வரிகளைப் படித்துவிட்டு, விடுமுறையில் வண்டலூர் போய்த் தேடியிருக்கிறாள். வெறும் குழாய்களோடு திரும்பினாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. பூச்சி கிடைக்கவில்லை, எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

என்னால் அங்கே கையெழுத்துப் போட முடியவில்லை. ஒரு வாரம் அந்த நோட்டு என் மேசையிலேயே கிடந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டு, "தப்பு உன்னோடது இல்லம்மா, என்னோடது. அங்க அந்தப் பூச்சி இல்ல" என்று சொன்னேன். அவள் புரியாமல் விழித்தாள். ஒருத்தியிடம் சொல்லத் தொடங்கியாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது என்று தோன்றியது.

அன்றே அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். நான் எடுத்த இடம் பல்லாவரம். அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. நீங்கள் என்னிடம் கேட்டபோது நான் சொன்னது பொய். பழைய நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் இருந்த அம்மையார் பதில் எழுதினார். சுருக்கமான பதில். எங்கள் தொழிலில் பழைய லேபிளை எடுக்கும் வழக்கம் இல்லை. தவறு என்று தெரிந்தாலும் அது அதே ஊசியில்தான் இருக்கும். திருத்தம் அதற்குக் கீழே இன்னொரு சீட்டாகக் குத்தப்படும். அப்படியே செய்துவிட்டதாக எழுதியிருந்தார். பத்திரிகையில் என் பெயரில் ஒரு திருத்தக் குறிப்பும் வந்தது. கல்லூரியிலும் சொன்னேன். எனக்கு வரவேண்டிய உயர்வு சில வருடங்கள் தள்ளிப்போனது. அது நியாயம்தான், ஆனால் அதனால் அவனுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. பேராசிரியர் அதற்குள் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அச்சான திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பம்மலுக்குப் போனேன். நண்பன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். புதன்கிழமை, எட்டு, வண்டலூர், ஆறு வரி. அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அது அதுதான்."

"ஆமா."

"நான் பாத்தது சரி."

"ஆமாடா."

உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "ஏ, இங்க வா. இவன் இன்னா சொல்றான்னு கேளு." அவன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "அவகிட்டயும் சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு" என்றான்.

சொன்னேன். முடித்ததும் அவள் என்னை அல்ல, அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு தபா கண்ணாடி மாத்தினாரு அண்ணா" என்றாள். "எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயி, எனக்குச் சின்னதெல்லாம் தப்பாத் தெரியுது டாக்டர்னு சொல்லிக்கினு நின்னாரு. டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாரு. நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஏன் அண்ணா, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவன் அந்தக் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தான்.

"நீ கிளம்பு" என்றான் நண்பன். குரலில் கோபம் இல்லை. விடைத்தாளை மறுபடி எடுத்துக்கொண்டான். "எனக்கு நெறைய கீது."

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. நலம், நலமறிய அவா என்ற வரி எதுவும் இல்லை. உன் திருத்தத்தில் குகை வாய் வடக்கு நோக்கி என்று போட்டிருக்கிறாய். வடக்கு அல்ல, வடகிழக்கு. இப்போது பதினொன்று இருக்கின்றன, சிறகுள்ளது ஒன்று. உண்மை எழுதுவதாக இருந்தால் போய்ப் பார்த்து எழுது, இல்லாவிட்டால் பார்த்தவனைக் கேள். அவ்வளவுதான் இருந்தது. நான் திருத்தத்தை நினைவிலிருந்து எழுதியிருந்தேன். மறுபடி மலை ஏற எனக்குத் துணிவு வரவில்லை. அவன் ஏறியிருக்கிறான்.

கார்டை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு மறுபடியும் எழுதினேன். திசையையும், கண்டுபிடித்தவன் என்று அவன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பெயர் போட அவனிடம் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அவனுடைய பதினெட்டுப் பக்கத்தையும் அச்சிட அந்த அம்மையார் ஆர்வமாக இருந்தார். அவர் முகவரியை அவனுக்கு அனுப்பி வைத்தேன். அவன் எழுதினானா என்று எனக்குத் தெரியாது. எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை.

அவன் ஞாயிறுதோறும் மலைக்குப் போகிறான் என்று பிறகு ஒருவர் சொன்னார். தாம்பரத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில், பல்லாவரம் தாண்டியதும், மலை தெரியும் பக்கத்து ஜன்னலுக்கு நான் மாறி உட்காருவேன். பாறைகள் மேல் வெயில் அடித்துக் கிடக்கும். ஆள் யாரும் கண்ணில் பட்டதில்லை. அங்கே ஏறிப் போக அவன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போக எனக்கு உரிமை இல்லை. அதற்குள் ரயில் மீனம்பாக்கம் நிலையத்துக்கு வந்துவிடும்.